விழாமல் நின்றவர்

நம் மாணவர்களில் பெரும்பாலோர் பார்த்திராத விளையாட்டு ஷார்ட் டிராக் ஸ்கேட்டிங். உறைந்த பனித்தளத்தில், கூரிய உலோகத் தகடு பொருத்திய காலணியுடன் நீள்வட்டப் பாதையில் விரையும் பந்தயம் அது. ஒரு சுற்று 111.12 மீட்டர், 1000 மீட்டருக்கு ஒன்பது சுற்றுகள். ஓட்டப்பந்தயம்போல் தனித்தனித் தடம் கிடையாது. வளைவில் ஒருவர் சறுக்கினால் பக்கத்தில் வருபவரையும் சேர்த்து வீழ்த்திவிடுவார். ஒன்பதாம் வகுப்பில் மையநோக்கு விசை நடத்தும்போது, வளைவில் வீரர்கள் ஏன் உட்புறமாக அவ்வளவு சாய்கிறார்கள் என்று கேட்டுத்தான் நான் பாடத்தைத் தொடங்குவேன். அதற்குப் பின் ஸ்டீவன் பிராட்பரியின் கதையைச் சொல்வேன்.

பிராட்பரி ஆஸ்திரேலியர், 1973இல் பிறந்தவர். 1994 லில்லஹாமர் குளிர்கால ஒலிம்பிக்கில் தொடர் பந்தயத்தில் வெண்கலம் வென்ற அணியில் இருந்தார். குளிர்கால ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியா பெற்ற முதல் பதக்கம் அது. அதே ஆண்டு மான்ட்ரியலில் நடந்த போட்டியில் மற்றொரு வீரரின் காலணித் தகடு அவர் தொடையைக் கிழித்தது. ஏறத்தாழ நான்கு லிட்டர் இரத்தம் வெளியேறியது. 111 தையல்கள் போடப்பட்டன. 2000இல் பயிற்சியின்போது விழுந்து கழுத்தெலும்பு முறிந்தது. இனி வேண்டாம் என்று சொன்னவர்கள் உண்டு. அவர் மீண்டும் பனித்தளத்துக்கு வந்தார்.

2002, சால்ட் லேக் சிட்டி, 1000 மீட்டர். காலிறுதியில் மூன்றாவதாக வந்தார். முன்னால் வந்த ஒருவர் தகுதிநீக்கம் செய்யப்பட்டதால் அடுத்த சுற்றுக்குச் சென்றார். அரையிறுதியில் முன்னால் சென்றவர்கள் விழுந்தனர். இறுதிப் போட்டியில் அவருக்கு வயது 28. மற்ற நால்வரைவிடத் தான் வேகம் குறைந்தவர் என்பது அவருக்குத் தெரியும். மோதலில் சிக்காமல் பின்னால் இருப்பதே அவர் திட்டம். கடைசி வளைவில் நால்வரும் ஒருசேர விழுந்தார்கள். சில மீட்டர்கள் பின்னால் வந்த பிராட்பரி கோட்டைக் கடந்தார். குளிர்கால ஒலிம்பிக்கில் தென் அரைக்கோள நாடு ஒன்று வென்ற முதல் தங்கம் அது.

"அதிர்ஷ்டம்தானே சார்?" என்று வகுப்பில் கட்டாயம் ஒரு குரல் வரும். ஆமாம் என்றே சொல்வேன். பிராட்பரியும் அதை மறுக்கவில்லை. அந்த ஒன்றரை நிமிடத்துக்காக அல்ல, அதற்கு முந்தைய பத்தாண்டுகளுக்காகவே பதக்கத்தை ஏற்பதாகத்தான் சொன்னார்.

உழைத்தால் வெற்றி நிச்சயம் என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். உழைத்தும் தோற்ற பிள்ளை அதைக் கேட்டு, தன்மேல்தான் குறை என்று ஒடுங்கிப்போகிறது. உழைப்பு வெற்றிக்கு உத்தரவாதம் தராது. வாய்ப்பு வரும்போது நாம் அந்த இடத்தில் இருக்க வழி செய்யும். அன்று வீட்டில் இருந்திருந்தால் நால்வர் என்ன, நாற்பது பேர் விழுந்திருந்தாலும் பிராட்பரிக்குப் பயனில்லை.

கதையை முடித்ததும் இரண்டு கேள்விகளைக் குழுக்களில் பேச விடுங்கள். இந்த வெற்றியில் அவர் கையில் இருந்தவை எவை? இல்லாதவை எவை? இரு பட்டியல்களையும் கரும்பலகையில் எழுதுங்கள். துணைத்தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைக்கு முதல் பட்டியல் தெம்பு தரும். முதல் மதிப்பெண் வாங்கும் பிள்ளைக்கு இரண்டாவது பட்டியல் பணிவு தரும்.