கோட்டின் உறுதி

விடியற்காலையில் வாயிலில் கோலம் இடும் பெண்ணைக் கூர்ந்து நோக்கின் ஓர் உண்மை புலப்படும். அவள் முதலில் புள்ளிகளை வைக்கிறாள். பின்பு, விரலிடையே மாவு ஒழுக, கண் அடுத்த புள்ளியை நாட, கோட்டை இடையறாது இழுத்துச் செல்கிறாள். கை நடுங்குவதில்லை, கோடு முறிவதில்லை. இவ்வுறுதி பிறவியில் வந்ததன்று, பழக்கத்தால் வந்தது. ஓவியம் பயில்வார்க்கும் இதுவே வழியாகும்.

எழுதுகோலைப் புதிதாகக் கையில் எடுத்தவன் வரையும் கோடு பெரும்பாலும் நடுங்கும். ஒரே கோடாக அமைய வேண்டியது, சிறு துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, மயிர் அடர்ந்தாற்போலத் தோன்றும். இதற்குக் காரணங்கள் மூன்று. அவன் எழுதுகோலின் நுனியை இறுகப் பற்றி, விரல்களை மட்டுமே அசைக்கிறான். விரல்கள் செல்லும் தொலைவு சிறிதாதலின், நீண்ட கோடு இடையிடையே முறிகிறது. அவன் கண், கோடு சென்று சேரவேண்டிய இடத்தை நோக்காமல், எழுதுகோலின் கூரையே நோக்குகிறது. இவ்விரண்டினும் வலிய காரணம், தவறிவிடுமோ என்னும் அச்சமாகும். அச்சத்தால் கை மெல்ல ஊர்கிறது. அவ்வாறு ஊரும் கையின் சிறு நடுக்கமும் கோட்டில் பதிந்துவிடுகிறது.

இக்குறைகளை நீக்குதல் அரிதன்று. நிமிர்ந்து அமர்ந்து, எழுதுகோலை நுனியினின்று சற்று மேலே தளர்வாகப் பிடித்தல் வேண்டும். குறுங்கோட்டிற்கு மணிக்கட்டும், நெடுங்கோட்டிற்கு முழங்கையும் தோளும் அசைதல் நன்று. இரு புள்ளிகளை இட்டு, தாளைத் தொடாமலே கையை அவ்வழியில் இருமுறை செலுத்திப் பார்த்து, பின்பு இறுதிப் புள்ளியில் கண்ணை நிறுத்தி, ஒரே வீச்சில் கோட்டை இழுத்தல் வேண்டும். கோடு பிழைத்தால் உடனே அழித்தலாகாது. அதன் அருகிலேயே சரியான கோட்டை இடுதல் வேண்டும். பிழையான கோடு கண்முன் இருந்தால்தான் கை எப்பக்கம் விலகியது என்பது விளங்கும். நேர்கோடு, வளைகோடு, வட்டம் ஆகியவற்றை நாள்தோறும் கால்மணி நேரம் வரைந்து பழகலாம். இதற்கு விலையுயர்ந்த தாள் வேண்டா. பழைய செய்தித்தாளே போதும். அதனைப் பாழாக்கிவிடுவோமோ என்று அஞ்ச வேண்டுவதில்லை.

பழக்கத்தின் ஆற்றலுக்கு ஆலந்து நாட்டு ஓவியர் வின்சென்ட் வான்கோ சிறந்த சான்றாவார். 1853-இல் பிறந்த அவர், ஓவியக் கடையிலும் பள்ளியிலும் பணியாற்றினார். பெல்ஜியத்தின் நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் சமயத் தொண்டும் புரிந்தார். எப்பணியும் நிலைக்கவில்லை. 1880-இல், தமது 27-ஆம் வயதில், ஓவியராவதென்று உறுதி பூண்டார். அவருடைய தொடக்க காலப் படங்களில் மனித உருவங்கள் விறைப்பாகவே அமைந்தன. அதனால் அவர் மனந்தளரவில்லை. பார்க் என்னும் பிரெஞ்சு ஓவியர் மாணவர்க்கென அமைத்த பயிற்சிப் படங்களைத் தாள்தாளாகப் பார்த்து வரைந்தார். முடித்தபின் மீண்டும் தொடங்கினார். எட்டு ஆண்டுகள் கழிந்தன. 1888-இல், தென் பிரான்சிலுள்ள ஆர்ல் நகரில், நாணற்குச்சியைச் சீவி மையில் தோய்த்து, வயல்களையும் மரங்களையும் வரைந்தார். மையால் இட்ட கோட்டை எளிதில் அழிக்க இயலாது. ஆயினும் அப்படங்களில் தயக்கத்தின் சாயலே இல்லை. அத்தகைய தேர்ச்சி பெற்ற பின்னரும், 1890-இல், தம் இறுதி மாதங்களில், அப்பழைய பயிற்சிப் படங்களையே அனுப்புமாறு தம்பி தியோவுக்கு எழுதினார்.

வரைந்த தாள்களில் நாளைக் குறித்துச் சேர்த்து வைத்தல் நல்ல பழக்கம். நேற்றைய கோட்டையும் இன்றைய கோட்டையும் ஒப்பிட்டால் வேறுபாடு தோன்றாது. முதல் மாதத்துத் தாளையும் ஆறாம் மாதத்துத் தாளையும் அருகருகே வைத்தால் வளர்ச்சி தெளிவாகத் தெரியும். துணிவு வந்தபின் வரையலாம் எனக் காத்திருப்போர்க்குத் துணிவு வருவதில்லை. வரைய வரையவே அது கையில் வந்து அமைகிறது.