சவரன்

தமிழ்நாட்டின் வடமேற்கு எல்லையில் அமைந்தது கிருஷ்ணகிரி மாவட்டம். அதன் எல்லையூராகிய ஓசூரில் தமிழ், தெலுங்கு, கன்னடம் என்னும் மூன்று மொழிகளும் ஒரே தெருவில் ஒலிக்கக் கேட்கலாம். குளிர்ந்த காற்றுக்குப் பெயர்பெற்ற அவ்வூர் இன்று பெருந்தொழில் நகரமாக விளங்குகின்றது. அங்குள்ள ஆலைகளில் உந்து வண்டிகளும் கைக்கடிகாரங்களும் மட்டுமன்றிப் பொன்னணிகளும் செய்யப்படுகின்றன. எல்லைக்கு அப்பால், கருநாடக மாநிலத்தில், புகழ்பெற்ற கோலார் தங்கவயல் உள்ளது. பொன்னைத் தோண்டிய நிலமும், பொன்னை அணியாக்கும் ஆலையும், ஓரிரு காசுப் பொன்னைப் பெட்டியில் வைத்துக் காக்கும் உழவர் குடிகளும் அடுத்தடுத்து அமைந்த பகுதி இது.

இப்பகுதியிலும் தமிழ்நாடு முழுவதிலும் பொன்னை அளக்கும் அளவுக்குச் ‘சவரன்’ என்று பெயர். ‘பவுன்’ என்றும் கூறுவர். மகளுக்கு எத்தனை சவரன் போடுவது என்பது திருமண வீட்டுப் பேச்சு. இன்று சவரன் என்ன விலை என்பது செய்தித்தாளின் அன்றாடச் செய்தி. ஆயினும், சவரன் என்பது முதலில் ஓர் அளவின் பெயரன்று, ஒரு நாணயத்தின் பெயர் என்பதை அறிந்தோர் சிலரே. ‘சாவரின்’ என்னும் ஆங்கிலப் பொற்காசின் பெயரே தமிழர் நாவில் சவரன் ஆயிற்று. அதன் மதிப்பு ஒரு பவுண்டு. ஆதலால் பவுன் என்ற பெயரும் வழங்கலாயிற்று.

அக்காசு வருவதற்கு முன்பே தமிழ்நாட்டில் பொற்காசுகள் வழங்கின. இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தைச் சேர்ந்த நிலத்தின் ஒரு பகுதி முன்னர்ப் பாராமகால் எனப்பட்டது. 1792-ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி அது திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியாரிடம் வந்தது. அக்காலத்தில் நிலவரியை வராகனாலும் பணத்தாலும் கணக்கிட்டனர். ‘பணம்’ என்பது அன்று சிறியதொரு காசின் பெயர்; பின்னர் அதுவே செல்வத்திற்குப் பொதுப்பெயர் ஆயிற்று. ஊருக்கு ஒரு வராகனும் ஆட்சிக்கு ஒரு பணமுமாகப் பலவகைக் காசுகள் வழங்கியமையால், எது எத்தனை மாற்று என்று உழவர் அறியார். காசு மாற்றிக் கொடுக்கும் சராபுகள் சொன்னதே கணக்காக இருந்தது. விளைவித்தவன் கையில் காசு இருந்தும், அதன் மதிப்பு பிறன் வாயில் இருந்தது. 1818-இல் சென்னை மாகாணத்தில் வெள்ளி ரூபாயே பொது நாணயம் என்று விதிக்கப்பட்டது. நூறு வராகனுக்கு 350 ரூபாய் என்று கணக்கிட்டனர்.

அதற்கு ஓராண்டு முன்னர், 1817-இல், இங்கிலாந்தில் புதிய சவரன் வெளிவந்தது. 1489-ஆம் ஆண்டிலேயே ஏழாம் ஹென்றி மன்னர் அப்பெயரால் ஒரு பெரிய பொற்காசு வெளியிட்டதுண்டு. ஆயினும் இன்று வழங்கும் அளவும் உருவமும் 1817-இல் அமைந்தவையே. அதன் ஒரு பக்கத்தில் அரசர் தலையும், மறு பக்கத்தில் குதிரைமேல் அமர்ந்த வீரன் ஒருவன் கொடிய விலங்கொன்றை வீழ்த்தும் காட்சியும் பொறிக்கப்பட்டுள்ளன. இரண்டாவது உருவத்தைச் செதுக்கியவர் பெனடெட்டோ பிஸ்ட்ரூச்சி என்னும் இத்தாலியச் சிற்பி. இருநூறு ஆண்டுகள் கடந்த பின்னும் அவ்வுருவம் வழங்குகின்றது.

சவரனின் பெருமை அதன் அழகில் இல்லை; மாறாத அளவில் உள்ளது. அதன் எடை 7.988 கிராம். அதில் 24 பங்குக்கு 22 பங்கு பொன். எஞ்சிய 2 பங்கு பெரும்பாலும் செம்பு. தனிப்பொன் மிகவும் மென்மையானது. கைமாறும்தோறும் எளிதில் தேயும். ஆதலால் செம்பு சேர்த்து அதனை உறுதியாக்கினர். இக்கலவையே 22 காரட் எனப்படுவது. ஆயிரத்தில் 916 பங்கு பொன் என்பதும் இதுவே. கணக்கிட்டுப் பார்த்தால் ஒரு சவரனில் உள்ள தனிப்பொன் 7.32 கிராம் ஆகும். தேய்ந்து எடை குறைந்த காசு, சட்டம் வகுத்த எல்லைக்குக் கீழ் இறங்கினால், இங்கிலாந்தில் செல்லாக் காசாயிற்று. விளிம்பைச் சுரண்டிப் பொன் திருடுவோரைத் தடுக்கும் பொருட்டு அதன் ஓரம் முழுவதும் நுண்ணிய வரிகள் இடப்பட்டன. ஆகவே, சிட்னியில் அடித்த காசும் இலண்டனில் அடித்த காசும் தராசில் ஒன்றாகவே நின்றன. வராகன்களின் குழப்பத்தில் இடருற்ற நாட்டினர் இக்காசை விரும்பி ஏற்றமைக்கு இந்த உறுதிப்பாடே காரணம் எனலாம்.

1893-இல் இந்திய அரசு, பொதுமக்கள் கொணரும் வெள்ளியை ரூபாயாக அடித்துக் கொடுப்பதை நிறுத்தியது. ஒரு ரூபாய்க்குப் பதினாறு பென்சு என்று மதிப்பு நிலைபெற்றது. ஒரு பவுண்டுக்கு 240 பென்சு; ஆதலால் ஒரு சவரனுக்கு 15 ரூபாய். 1899-ஆம் ஆண்டுச் சட்டம் இவ்விலைக்குச் சவரனை இந்தியாவிலும் செல்லும் நாணயம் ஆக்கிற்று. முதல் உலகப் போர் நிகழ்ந்தபோது நாணயத் தட்டுப்பாடு ஏற்பட்டது. அப்போது பம்பாய் நாணயச்சாலையிலேயே சவரன் அடிக்க ஏற்பாடு செய்தனர். 1918 என்னும் ஆண்டும், இந்தியாவைக் குறிக்கும் ‘ஐ’ என்னும் ஆங்கில எழுத்தும் தாங்கி ஏறத்தாழ 13 இலட்சம் காசுகள் அங்கு அடிக்கப்பட்டன. அந்த ஓராண்டைத் தவிர வேறெந்த ஆண்டின் சவரனும் பம்பாயில் அடிக்கப்படவில்லை. பின்னர் 1927-ஆம் ஆண்டுச் சட்டத்தால் சவரன் இந்தியாவில் செல்லும் நாணயம் என்னும் நிலையை இழந்தது. 13 ரூபாய் 5 அணா 4 பைக்கு அரசு அதனைப் பெற்றுக்கொள்ளும் என்று மட்டும் விதிக்கப்பட்டது.

சட்டம் கைவிட்டாலும் மக்கள் கைவிடவில்லை. காசைக் கடையில் கொடுத்துச் செலவிடுவதினும், கண்ணி வைத்துக் காசுமாலையாகக் கோத்து அணிவதையே அவர்கள் விரும்பினர். வங்கி இல்லாத ஊர்களில் பெண்ணின் கழுத்தே வங்கியாக இருந்தது. அவ்வங்கியின் பயன் 1931-இல் வெளிப்பட்டது. உலகெங்கும் வணிகம் தாழ்ந்து, நெல்லும் நிலக்கடலையும் விலை வீழ்ந்து, உழவர்கள் வரி கட்டவும் வட்டி கொடுக்கவும் வழியின்றித் திகைத்த காலம் அது. அவ்வாண்டு செப்டம்பரில் இங்கிலாந்து பொன் நாணய முறையைக் கைவிட்டது. பொன் விலை உயர்ந்தது. இந்தியக் குடும்பங்கள் காதிலும் கழுத்திலும் இருந்ததைக் கழற்றி விற்றன. அவ்வாறு விற்கப்பட்ட பொன் கப்பல் கப்பலாகக் கடல் கடந்தது. விலை உயர்ந்தமையால் ஆதாயம் பெற்றவர் சிலர். வறுமையால் விற்றவர் பலர். சேமித்த பொன் நிலத்தையும் மானத்தையும் காத்தது. ஆயின் காத்த பொன் மீண்டு வரவில்லை.

பொன்னுக்கு மதிப்புத் தருவது அதன் அருமை. அவ்வருமையைக் கோலார் தங்கவயலின் வரலாறு நன்கு விளக்கும். 1880-ஆம் ஆண்டளவில் ஜான் டெய்லர் நிறுவனத்தார் அங்குப் பெருஞ்சுரங்கம் தோண்டத் தொடங்கினர். 1902-இல் சிவசமுத்திரத்து நீர்வீழ்ச்சியிலிருந்து மின்னாற்றல் வந்தது. சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் சென்றது. அங்கு வெப்பம் தாங்கி, பாறை வெடிப்புக்கு அஞ்சி உழைத்தவர்களுள் பெரும்பாலோர் தமிழர். வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து பிழைப்புத் தேடிச் சென்றவர்கள். டன் கணக்கில் கல்லை உடைத்து அரைத்தால் சில கிராம் பொன் கிடைக்கும். ஆழம் மிகுந்தது, பொன் குறைந்தது, செலவு பெருகியது. உலகச் சந்தையிலும் பொன் விலை தாழ்ந்திருந்தது. 1980 சனவரியில் ஒரு அவுன்சு 850 டாலராக இருந்த விலை, 1999-இல் 260 டாலருக்கும் கீழே இறங்கிற்று. 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்டது. பொன்னெடுத்தவர்களின் மக்கள் இன்று வேலை தேடி நாள்தோறும் இரயிலேறிப் பெங்களூர் செல்கின்றனர். பொன் விலை ஏறிக்கொண்டே இருக்கும் என்று நம்புவோர் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று.

மக்கள் பெரிதும் நம்பும் பொருளைப் போலி செய்வோரும் தோன்றுவர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் இங்கிலாந்து சவரன் அடிக்காதிருந்த காலத்தில், பிற நாடுகளில் போலிச் சவரன்கள் பெருகின. அவற்றை ஒடுக்கும் பொருட்டு 1957-இல் இங்கிலாந்து மீண்டும் சவரன் அடிக்கத் தொடங்கிற்று. இந்தியாவிலோ நிலைமை வேறாயிருந்தது. 1963-இல் பொன் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. 14 காரட்டுக்கு மேற்பட்ட நகை செய்தல் தடுக்கப்பட்டது. வழிவழியாக 22 காரட்டில் வேலை செய்த பொற்கொல்லர் பலர் பிழைப்பு இழந்து வாடினர். 1966-இல் அவ்விதி தளர்ந்தது. 1968-இல் இயற்றப்பட்ட பொன் கட்டுப்பாட்டுச் சட்டமும் 1990-இல் நீக்கப்பட்டது. 2013-இல் இங்கிலாந்து அரச நாணயச்சாலையின் இசைவு பெற்று அரியானா மாநிலத்தில் மீண்டும் இந்தியச் சவரன் அடிக்கப்பட்டது. பழைய ‘ஐ’ என்னும் குறி அதிலும் இடம்பெற்றது.

சவரனை வாங்குவோர் இரு வகையினர். முதலீடு செய்வோர் ஒரு வகையினர். நாணயம் திரட்டுவோர் மற்றொரு வகையினர். முன்னவர்க்குக் காசின் விலை அதில் உள்ள பொன்னின் விலையே. அதனோடு அடிப்புக் கூலியும், வணிகர் ஊதியமும், வரியும் சேரும். விற்கும்போது இவை திரும்பக் கிட்டா. பின்னவர்க்கோ அருமையும் நிலைமையுமே விலை. எட்டாம் எட்வர்டு மன்னர் முடிசூடுமுன் பதவி துறந்தமையால், அவர் தலை பொறித்த 1937-ஆம் ஆண்டுச் சவரன்கள் மாதிரிக்காக அடித்த சிலவே உள்ளன. அவற்றுள் ஒன்று 2020-இல் பத்து இலட்சம் பவுண்டுக்கு விலைபோயிற்று. உருக்கினால் அதிலும் 7.32 கிராம் பொன்னே கிடைக்கும். இதற்கு மாறாக, கண்ணி பற்றவைத்த காசும், பளபளக்கத் தேய்த்த காசும் திரட்டுவோரிடம் மதிப்பிழக்கும். காசுமாலையில் கோத்த சவரன் பொன்னாக விலைபோகுமே ஒழிய, அரும்பொருளாக விலைபோகாது. நூறாண்டு கடந்த காசுகள் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள் ஆகும். தனியார் அவற்றை அயல்நாட்டுக்கு அனுப்புதல் கூடாது. நிலத்தில் புதைந்து கிடைத்த காசையும் அரசுக்கு அறிவித்தல் வேண்டும்.

காசின் மெய்ம்மையை அறிய அறிவியல் துணை செய்கின்றது. பொன் தண்ணீரைப்போல் 19 மடங்கு கனமுடையது. ஈயமோ 11 மடங்கே கனமுடையது. ஆகவே, ஈயத்தால் செய்து பொன் முலாம் பூசிய காசு, அளவில் ஒத்திருந்தால் எடையில் குறையும். எடையில் ஒத்திருந்தால் அளவில் பருக்கும். தராசும் அளவுகோலும் சேர்ந்தால் பெரும்பாலான போலிகள் அகப்படும். பொற்கொல்லர் உரைகல்லில் உரைத்து மாற்று அறிந்தனர். இன்று ஊடுகதிரைச் செலுத்தி, காசைச் சிதைக்காமலே பொன்னின் பங்கை அறியும் கருவி உள்ளது. ஓசூரில் 1980-களில் டாட்டா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் சேர்ந்து கைக்கடிகார ஆலை நிறுவின. அந்நிறுவனம் பின்னர்ப் பொன்னணித் தொழிலிலும் இறங்கி, அத்தகைய கருவியைக் கடைதோறும் வைத்தது. தாம் வாங்கியிருந்த நகையை அதில் வைத்து மாற்றுக் குறைவைக் கண்டு திடுக்கிட்டோர் பலர். 2021 சூன் முதல், பல மாவட்டங்களில் விற்கும் பொன்னணிகளில் அரசு முத்திரை கட்டாயம் ஆயிற்று.

இன்று தமிழ்நாட்டில் சவரன் என்பது எட்டு கிராம். உண்மைக் காசினும் இது சிறிதளவு மிகுதி. கணக்கின் எளிமை கருதி அவ்வாறு வழங்குகின்றது. காசு மறைந்து அளவு நின்றது. கடையில் ஐந்து சவரன் கேட்போர் ஆங்கில மன்னரின் தலையைக் கேட்பதில்லை. நாற்பது கிராம் பொன்னையே கேட்கின்றனர்.

தமிழில் ‘நாணயம்’ என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. ஒன்று காசு, மற்றொன்று நேர்மை. இவ்விரண்டும் ஒரே சொல்லில் அமைந்தது பொருத்தமே. எழுத்தறியாத உழவரும், சொன்ன எடையும் சொன்ன மாற்றும் அதில் உண்டு என்று நம்பிச் சவரனைப் பெற்றனர். அந்நம்பிக்கை குறைந்தால், விற்பவன் இழப்பது ஒரு வாணிகம்; வாங்கியவன் இழப்பது பல்லாண்டு உழைப்பு. ஆதலின், பொன்னை வாங்குவோர் எடையையும் மாற்றையும் முத்திரையையும் தாமே பார்த்தறிதல் வேண்டும். விற்போர் தம் நாணயத்தைப் பொன்னினும் உயர்வாகக் காத்தல் வேண்டும்.