மூன்று படைகளும் முந்நூறு சட்டைப்பின்களும்

குளிர்நாட்டு மாதரின் கைவேலைகளுள் ஒட்டுத்துணிப் போர்வைக்குத் தனி இடம் உண்டு. ஆங்கிலேயர் 'குயில்ற்' என வழங்கும் அதனை இன்று நம்மவரும் நன்கறிவர். கனடாவிலும் இங்கிலாந்திலும் குடியேறிய உறவினர் வீடுகளிற் கட்டிலின்மேல் அது விரிந்து கிடப்பதைக் கண்டவர் பலர். சதுரமும் முக்கோணமுமாக வெட்டிய துணித்துண்டுகள் ஒன்றோடொன்று இணைந்து நட்சத்திரமாய் மலர்ந்திருக்கும் அழகை வியக்கிறோம். விரலால் தடவியும் பார்க்கிறோம். ஆனால், "இவ்வேலையில் உனக்கு எரிச்சலூட்டிய பகுதி எது?" என்று அதனைச் செய்தவளிடம் வினவினால், வெட்டியதையோ தைத்ததையோ அவள் பெரும்பாலும் கூறமாட்டாள். படைகளை அடுக்கிப் பின் குத்தியதையே கூறுவாள்.

போர்வைக்குப் படைகள் மூன்று. மேலே இருப்பது பல மாதங்கள் பாடுபட்டு இணைத்த ஒட்டுத்துணி. நடுவே இருப்பது குளிரைத் தடுக்கும் பஞ்சுப்படை. அடியில் இருப்பது ஒரே துணியாலான உட்புறம். மூன்றையும் ஊடுருவித் தைத்தால்தான் அது போர்வையாகும். அவ்வாறு தைக்கும்வரை அவை நழுவாமல் இருக்கவேண்டுமே! அதற்கான தற்காலிகக் கட்டே இந்தப் பின் குத்தும் வேலை. போர்வை முடிந்தபின் அதன் அடையாளமே இராது. ஆயினும் போர்வையின் தலைவிதியை நிர்ணயிப்பது அதுதான்.

வேலை தரையிலேதான் நடைபெறும். இரட்டைக் கட்டிற் போர்வையை விரிக்கக்கூடிய மேசை எந்த வீட்டில் உண்டு? நாற்காலிகளை ஒதுக்கி, தரையைத் துடைத்து, அடித்துணியை அதன் நல்ல பக்கம் கீழாக இருக்கும்படி விரிக்கவேண்டும். இத்துணி மேற்றுணியைவிட ஒவ்வொரு பக்கத்திலும் ஏறக்குறைய நான்கு அங்குலம் கூடுதலாக இருத்தல் வேண்டும். பின்பு அதன் ஓரங்களைக் காகித ஒட்டுநாடாவினால் தரையோடு ஒட்டவேண்டும். முதற் சோதனை இங்கேயே தொடங்குகிறது. துணி தளர்ந்திருந்தால் மடிப்பு விழும். மடிப்புக்கு அஞ்சி இறுக்கி இழுத்தாலோ அதுவும் கேடே. நாடாவை அகற்றியதும் இழுபட்ட துணி தன் இயல்பான அளவுக்குச் சுருங்கி, மேலுள்ள படைகளையும் தன்னோடு சுருக்கிவிடும். தளராமலும் இழுபடாமலும் இருக்கும் அந்த நடுநிலையை எந்த நூலும் கற்பிக்க இயலாது. கைதான் கற்கவேண்டும்.

அடுத்தது பஞ்சு. சுருட்டியோ மடித்தோ கடையில் விற்கப்படும் பஞ்சுப்படை, விரித்த பின்னும் தன் பழைய மடிப்புகளை எளிதில் மறப்பதில்லை. ஆகவே அனுபவமுள்ளவர்கள் அதை முதல்நாளே விரித்துப் போட்டுவிடுவர். அதன்மேல் ஒட்டுத்துணியைப் பரப்பி, நடுவிலிருந்து ஓரம் நோக்கி உள்ளங்கையால் நீவவேண்டும். இந்தப் பக்கம் நீவினால் அந்தப் பக்கம் சுருக்கம் எழும். எழுந்து சுற்றிச் சென்று அதனை நீவினால், முன்பு நீவிய மூலை கோணலாகும். துணியின் நடுப்பகுதியை எட்டுவதற்கு அதன்மேலேயே முழந்தாளிட்டு ஊர்ந்து செல்லவேண்டும். ஊரும் முழந்தாளே நீவியதைக் கலைத்துவிடும். வீட்டிலே பூனை இருந்தால் அதுவும் சரியாக இந்த வேளையிலேதான் உலாவ வரும்.

இனிப் பின்கள். உள்ளங்கை அகலத்துக்கு ஒன்று, அதாவது ஏறக்குறைய நான்கு அங்குலத்துக்கு ஒன்று என்பது பொதுவான விதி. மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கட்டும்: 60 அங்குல அகலமும் 80 அங்குல நீளமும் உள்ள போர்வைக்கு அகலவாட்டில் 15, நீளவாட்டில் 20, ஆக 300 பின்கள்! ஒவ்வொன்றையும் திறந்து, மூன்று படைகளையும் ஊடுருவக் குத்தி, மேலே எடுத்து, மூடவேண்டும். துண்டுகள் கூடும் தடித்த மூட்டுவாயிற் குத்தினாற் பின் வளைந்துவிடும். நூறாவது பின்னை மூடுமுன் விரல்நுனி நொந்துவிடும். அதனால் சிலர் சிறு கரண்டியின் விளிம்பாற் பின்னின் முனையை நெம்பி மூடுகின்றனர். தரைவிரிப்பின்மேல் வேலை செய்தவர்களுக்கு வேறொரு வேடிக்கையும் காத்திருக்கும். எல்லாம் முடிந்து போர்வையைத் தூக்கினால் தரைவிரிப்பும் கூடவே எழும்பி வரும்!

இவையெல்லாம் பொறுக்கத்தக்கவை. பொறுக்கவியலாதது போர்வையைப் புரட்டிப் பார்க்கும் கணமே. மேலே கண்ணாடிபோல் வழவழப்பாக இருந்தது, அடியிலே மடிந்து கிடக்கும். பின்களைக் கழற்றி முதலிலிருந்து தொடங்குவதா, யார் அடிப்பக்கத்தைப் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டுவிடுவதா? விட்டுவிட்டுத் தைத்தால் அந்த மடிப்புப் போர்வை உள்ளவரை நிற்கும். அகற்ற விரும்பினால் தையலைப் பிரிக்கவேண்டும். பல மாத உழைப்பு ஒரு பிற்பகலின் கவனக்குறைவினால் இந்நிலைக்கு ஆளாகிறது.

முன்னைய காலத்தில் இத்துன்பம் இந்த அளவுக்கு இருந்ததாகத் தோன்றவில்லை. அமெரிக்கக் கிராமப்புறங்களில் நான்கு மரச்சட்டங்களைப் பொருத்தி, அதிலே மூன்று படைகளையும் பூட்டித் தைத்தனர். சில வீடுகளில் அச்சட்டம் முகட்டிலிருந்து கயிறுகளால் தொங்கியது. வேலை முடிந்ததும் மேலே இழுத்துவிடுவர். அயற்பெண்கள் சுற்றி அமர்ந்து தைப்பர். தைப்பவளின் ஒரு கை மேலே, மறு கை போர்வையின் அடியிலே இருக்கும். ஊசி துணியை ஊடுருவியதா என்பதை அந்த அடிக்கை உணரும். மடிப்பு விழுந்தாலும் அதுவே உடனே உணரும். தரையில் விரித்த போர்வைக்கு அடியிலே கை ஏது? எதிரே இருந்து ஓரத்தைப் பிடிக்கும் அயற்பெண்தான் ஏது?

தையற்பொறியே இம்மாற்றத்துக்குப் பெருங் காரணம் என்பது எமது கருத்து. பொறியிலே தைப்பதற்குச் சட்டம் உதவாது. பெரிய இழைகளாக நூலோட்டிக் கட்டினாலோ, துணியை அழுத்திப் பிடிக்கும் பொறியின் பாதத்தில் அந்நூல் சிக்கிக்கொள்ளும். ஆகவே சட்டைப்பின் வந்து சேர்ந்தது. சட்டைப்பின்னுக்கு 1849ஆம் ஆண்டில் உரிமைப்பத்திரம் பெற்ற நியூயோர்க்வாசியான வால்ட்டர் ஹண்ட், அவ்வுரிமையை 400 டொலருக்கு விற்றுவிட்டார். 1830களிலே தையற்பொறி ஒன்றை ஆக்கி, அதற்கு உரிமை பெறாமல் விட்டவரும் அவரே. போர்வை தைப்பவளின் துணையும் தொல்லையுமான இரண்டும் ஒருவரின் மூளையிலேயே உருவானமை விந்தைதான்.

அலபாமா மாநிலத்தில் ஆறு வளைந்தோடும் ஜீஸ் பென்ட் என்னும் சிற்றூரின் கறுப்பினப் பெண்கள் இவ்வகையிற் கருதத்தக்கவர்கள். தேய்ந்த வேலையுடைகளை வெட்டி அவர்கள் ஆக்கிய போர்வைகள் 2002ஆம் ஆண்டில் ஹியூஸ்ரன், நியூயோர்க் நகரங்களின் கலைக்கூடங்களில் வைக்கப்பட்டன. 2006இல் அமெரிக்க அஞ்சல் முத்திரைகளிலும் இடம்பெற்றன. அவர்களது வழக்கம் கவனிக்கத்தக்கது. மேற்றுணியை அவரவர் தனியே தம் மனம்போல் இணைப்பர். மூன்று படைகளையும் சேர்த்துத் தைக்கும்போது பலர் கூடி அமர்வர். எது தனியொருத்தியின் வேலை, எது பலரின் வேலை என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

நமக்கு அண்மையில் வங்காளத்திலும் இக்கலை உண்டு. பழஞ்சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பரப்பித் தைக்கும் அந்த விரிப்புக்குக் 'காந்தா' என்று பெயர். நம் 'கந்தை' என்ற சொல்லும் அதனோடு உறவுடையதே. அங்கே பஞ்சும் இல்லை, பின்னும் இல்லை. சேலைகளை நிலத்தில் விரித்து, ஓரங்களிற் கனமான பொருள்களை வைத்து, முதலில் விளிம்புகளையும் பின்பு இடையிடையே சில நீண்ட வரிகளையும் நூலோட்டிவிடுவர். அதன் பிறகே பூவேலை. நைந்த பருத்திச்சேலை ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும், புதுத்துணிபோல் வழுக்காது.

இக்காலத்தில் துணிமேல் தெளிக்கும் பசை வந்துவிட்டது. பெரிய உருளைப் பொறிகளிற் கூலிக்குத் தைத்துக் கொடுப்போரும் உளர்; அவர்களிடம் கொடுத்தாற் பின்னே வேண்டியதில்லை. பசையின் மணம் பலருக்கு ஒவ்வாது, கூலியோ சிறிதன்று. தரையிற் குனிவதற்குப் பதிலாக மேசைகளைச் சேர்த்துப் போட்டுப் பகுதி பகுதியாகக் குத்துவோர் முதுகையாவது காப்பாற்றிக்கொள்கின்றனர். ஆனால் செலவில்லாத உபாயம் எதிர் ஓரத்தைப் பிடிக்க இன்னொருவரை அழைப்பதே. அதற்குத் தையல் தெரிந்திருக்கவேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையோடு சாய்ந்திருக்கும் கணவரே போதும். பின்களை மூடும் வேலையைப் பிள்ளைகளிடம் விட்டுவிடலாம். ஆளுக்கொரு கரண்டி கொடுத்தாற் போட்டியிட்டு மூடிவிடுவார்கள்.