எஞ்சின் மோட்டாருடையது, கிராண்ட் யாருடையது?

தீபகற்ப மலேசியாவில் 1,201 முதல் 1,400 சிசி வரையிலான சொந்தக் காருக்கு ஆண்டுச் சாலை வரி 70 ரிங்கிட். 1999-இல் வந்த சுசுகி ஹயபூசா மோட்டார் சைக்கிளின் எஞ்சின் ஏறக்குறைய 1,300 சிசி. சக்தியோ 170 குதிரைத்திறனுக்கு மேல். அதைக் கழற்றி, இரும்புக் குழாய்களைப் பற்றவைத்துக் கட்டிய ஐந்நூறு கிலோ காருக்குள் வைத்துவிட்டால், எடைக்கு இவ்வளவு சக்தி என்ற கணக்கில் லட்சக்கணக்கான ரிங்கிட் ஸ்போர்ட்ஸ் கார்கள் பலவும் அதற்குப் பின்னால்தான் நிற்கும். "ரோட் டேக்ஸ் எழுபது வெள்ளிதாண்ணே" என்று விற்பவர் ஆசை காட்டுவது இந்தக் கணக்கை வைத்துத்தான். கணக்கில் பிழை இல்லை. ஆனால் அந்த எழுபது வெள்ளியைக் கட்டுவதற்கு முதலில் அந்தக் காடி சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜே பதிவேட்டில் இருக்க வேண்டும். சிக்கல் தொடங்குவது அங்கே.

பாகம் பாகமாக வாங்கி வீட்டிலோ பட்டறையிலோ பூட்டிக்கொள்ளும் காரைக் கிட் கார் என்பார்கள். இதன் மூதாதை 1957-இல் பிரிட்டனில் காலின் சாப்மன் கொண்டுவந்த லோட்டஸ் செவன். முழுக் காராக வாங்கினால் அன்றைக்கு விற்பனை வரி உண்டு, பாகங்களாக வாங்கிப் பூட்டிக்கொண்டால் கிடையாது என்பதால் அங்கே இது ஒரு வழக்கமாகவே வேர்விட்டது. 1973-இல் அந்தக் காரின் உரிமை கேட்டர்ஹாம் நிறுவனத்துக்குப் போயிற்று. 1996-இல் ரான் சாம்பியன் என்பவர் 250 பவுண்டில் ஸ்போர்ட்ஸ் கார் கட்டுவது எப்படி என்று ஒரு புத்தகமே எழுதினார். பிறகு மோட்டார் சைக்கிள் எஞ்சின் மோகம் வந்தது. நமக்கும் இந்தப் பரம்பரை அந்நியமில்லை. லோட்டஸ் நிறுவனம் 1996 முதல் 2017 வரை புரோட்டோன் கையில் இருந்தது. கேட்டர்ஹாமை 2011-இல் வாங்கியவர் ஏர் ஏசியாவின் டோனி பெர்னாண்டஸ். பத்து ஆண்டு கழித்துத்தான் அது ஜப்பானிய நிறுவனத்துக்குக் கைமாறியது. கெப்போங்கில் புஃபோரி நிறுவனம் பழைய பாணிக் கார்களைக் கையாலேயே செய்து விற்கிறது. புஃபோரியின் பெயரைச் சொல்லக் காரணம் இருக்கிறது: குறைந்த எண்ணிக்கையில் கார் செய்வது இந்த நாட்டில் குற்றமில்லை. தயாரிப்பாளராக அனுமதி பெற்றுச் செய்வது ஒன்று, கொட்டகையில் பற்றவைத்து நம்பர் பிளேட் மாட்டுவது வேறொன்று.

சாலாக் செலாத்தான், சான் சோ லின், சுங்கை பெசி என்று நீளும் கோலாலம்பூரின் தென்பகுதியில் பட்டறைகளுக்கும் உதிரிபாகக் கடைகளுக்கும் பஞ்சமில்லை. ஜப்பானில் ஓடி முடித்த காரைப் பாதியாக வெட்டி, முன்பகுதியை மட்டும் கப்பலேற்றிக் கொண்டுவரும் ஹாஃப்கட் வியாபாரமும் இங்கே பழையது. கைத்திறன் உள்ள நம் பையன்களும் நிறையப் பேர். அதனால் இத்தகைய கார் ஒன்று விற்பனைக்கு வந்தால் அதன் வேலைப்பாட்டில் குறை காண்பது கடினமாகக்கூட இருக்கலாம். குறை பெரும்பாலும் காகிதத்தில் இருக்கும்.

பிரிட்டனில் தனியாள் ஒருவர் தான் கட்டிய காரைச் சோதனைக்கு ஓட்டிப்போய், தேறினால் பதிவு செய்துகொள்ள ஒரு வாசல் திறந்திருக்கிறது. இங்கே அப்படி எளிய வாசல் கிடையாது. 1987-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டமும், 1959-ஆம் ஆண்டு வாகனக் கட்டுமான விதிகளும், வகை அங்கீகாரம் எனப்படும் விடிஏ முறையும் சேர்ந்துதான் ஒரு கார் சாலைக்கு வரலாமா என்று முடிவு செய்கின்றன. வகை அங்கீகாரம் என்பது தயாரிப்பாளரோ இறக்குமதியாளரோ ஒரு மாடலுக்குப் பெறுவது. தனியாள் கட்டிய ஒற்றைக் காருக்கு வழி உண்டா என்று புத்ராஜெயாவில் உள்ள ஜேபிஜே தலைமையகத்தின் வாகனப் பொறியியல் பிரிவுக்கு எழுதிக் கேட்கலாம். பதில் எழுத்தில் வரட்டும். "எனக்கு உள்ளே ஆள் இருக்கு" என்பது பதிலாகாது. அப்படிச் சொல்பவர் லஞ்ச வழக்கில் உங்களையும் கூட்டுச் சேர்க்கிறார்.

வாசல் இல்லாத இடத்தில் சன்னல் வழியாக ஏறப் பார்ப்பவர்கள் செய்யும் வேலையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பணம் போவது பெரும்பாலும் இதில்தான். ஓடித் தேய்ந்த பழைய பெரோடுவா கஞ்சில் ஒன்றை எங்கோ வாங்குவார்கள். காரை நசுக்கிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, கிராண்ட் எனப்படும் பதிவுச் சான்றிதழையும் சேசிஸ் எண் பொறித்த தகட்டையும் மட்டும் வைத்துக்கொள்வார்கள். அந்தத் தகடு புதுக் குழாய்ச் சட்டகத்தில் ஒட்டிக்கொள்ளும். இனி பதிவேட்டின்படி அது 660 சிசி, நான்கு கதவுக் கஞ்சில். சாலையில் நிற்பதோ கூரையில்லாத இரண்டு இருக்கைக் கார். "கிராண்ட் கிளியரா இருக்குண்ணே, பாருங்க" என்று காட்டுவார்கள். கிராண்ட் உண்மையானதுதான். அது இந்தக் காருடையது இல்லை, அவ்வளவே.

எண்ணை மாற்றி ஒட்டுவது, பதிவு விவரத்தில் பொய் காட்டுவது எல்லாம் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 108-ஆம் பிரிவின் கீழ் வரும் குற்றங்கள். சாலைத் தடுப்பில் அதிகாரி எண்ணைத் தட்டிப் பார்த்தால் மாடல் பெயர் திரையில் வந்துவிடும்; காருக்கும் அதற்கும் பொருத்தமில்லை என்று கண்டுபிடிக்க மெக்கானிக் தேவையில்லை. கார் பறிமுதலாகும். எஞ்சின் எண் ஏதாவது திருட்டு மோட்டார் சைக்கிளுடையது என்று தெரியவந்தால் விசாரணை தண்டனைச் சட்டத்தின் 411-ஆம் பிரிவுக்கு, அதாவது திருட்டுப் பொருள் என்று தெரிந்தும் வாங்கினீர்களா என்ற கேள்விக்கு நகரும். பெரிய மோட்டார் எஞ்சின்கள் விபத்து வண்டியிலிருந்தும் வரும், களவு போன வண்டியிலிருந்தும் வரும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான்.

இதோடு ஒட்டிய இன்னொரு பேச்சு: "பெயர் மாத்த வேணாம், என் பெயரிலேயே ஓடட்டும்." பெயர் மாற்றாமல் இன்னொருவரின் கார்க் கடனைத் தொடர்ந்து கட்டும் சம்போங் பாயாரில் கைசுட்டுக்கொண்டவர்களுக்கு இது பழகிய குரல். பெயர் மாற்றத்துக்கு முன் பி5 சோதனையில் எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் பதிவோடு ஒத்துப் பார்க்கப்படும். அதற்குத்தான் அவர் பயப்படுகிறார். பெயர் மாறாத வரை பதிவேட்டின் கண்ணில் கார் அவருடையது. அவர் திவாலானாலோ இறந்துபோனாலோ உங்கள் பணத்துக்குப் பிடிமானம் உங்கள் கையில் உள்ள ரசீது மட்டும்தான்.

வெளிநாட்டிலிருந்து பெட்டியில் கிட் வரவழைக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. பாகங்களுக்குத்தானே வரி, காருக்கு இல்லையே என்பது அவர்கள் வாதம். சுங்க வகைப்பாட்டுக்கு உலகம் முழுக்கப் பின்பற்றும் பொது விதிகளில் 2(அ) இதை முன்கூட்டியே யோசித்து வைத்திருக்கிறது: பிரித்துப் பூட்டாமல் வந்தாலும், முழுப் பொருளின் அடிப்படை இயல்பு இருந்தால் அது முழுப் பொருளாகவே கொள்ளப்படும். ஆகவே சட்டகமும் பாடியும் சக்கரமும் ஒரே பெட்டியில் வந்தால் சுங்கத்துறை அதைக் காராகப் பார்க்க இடமுண்டு. காராகிவிட்டால் இறக்குமதி வரி, கலால் வரி, விற்பனை வரி, ஏபி எனப்படும் இறக்குமதி அனுமதி என்று வரிசை கட்டும். கலால் மட்டுமே விலையின் பாதியைத் தாண்டிவிடும். வெளிநாட்டு எஞ்சின் என்றால் சுங்கப் பாரமான கே1-இன் நகலைக் கேளுங்கள். சுங்கம் கட்டாத பொருளை வைத்திருப்பதற்கும் 1967-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தில் தண்டனை உண்டு.

இனி இயந்திரம். மோட்டார் சைக்கிள் வளைவில் சாயும். அதனால் எஞ்சினுக்குள் எண்ணெய் தன் தொட்டியின் அடியிலேயே கிடக்கும். கார் சாயாது. வேகமாக வளையும்போது எண்ணெய் ஒரு பக்கமாக ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சும். சில வினாடி எண்ணெய் இல்லாமல் போனால் போதும், கனெக்டிங் ராடு பேரிங் போய்விடும். எண்ணெய்த் தொட்டிக்குள் தடுப்புத் தகடுகள் வைத்திருக்கிறார்களா அல்லது தனித் தொட்டியுள்ள டிரை சம்ப் போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். திருதிருவென்று விழித்தால் புரிந்துகொள்ளலாம். இருநூற்றுச் சொச்சம் கிலோ வண்டியை இழுக்கச் செய்த கிளட்ச், ஆளோடு அறுநூறு, எழுநூறு கிலோவை இழுக்க வேண்டியிருக்கிறது. மாலை ஆறு மணிக்கு ஜாலான் சுங்கை பெசி நெரிசலில் அரை கிளட்சில் ஊர்ந்தால் அதன் ஆயுள் என்னாகும்? பெரும்பாலான மோட்டார் கியர்பாக்ஸில் ரிவர்சும் கிடையாது. தனி மின்மோட்டாரோ தனி ரிவர்ஸ் பெட்டியோ வைத்தால்தான் பின்னால் போகும். இல்லாவிட்டால் ஷாப்பிங் மால் நிறுத்துமிடத்தில் இறங்கித் தள்ள வேண்டியதுதான். நம் ஊர் மழையைப் பற்றி நான் சொல்லவே தேவையில்லை.

ஆனால் உயிருக்கு உலை வைப்பது எஞ்சினைவிட வெல்டிங்தான். யார் பற்றவைத்தார், குழாயின் கனம் என்ன, இருக்கை வார் எதில் முடுக்கப்பட்டிருக்கிறது, தலைக்கு மேல் உருள்வளைவு உண்டா? வண்ணம் பூசிய பிறகு வெல்டு எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. கட்டும்போது எடுத்த படங்கள் இருந்தால் கேட்டு வாங்குங்கள். லோரி டயரின் உயரத்தை ஒட்டியே நிற்கும் கார் இது. பெஸ்ராயா நெடுஞ்சாலையில் லோரிக்காரர் கண்ணில் நீங்கள் பட மாட்டீர்கள்.

காப்புறுதி இல்லாமல் சாலையில் ஓட்டுவது சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 90-ஆம் பிரிவின்படி குற்றம். கஞ்சில் என்று எழுதி வாங்கிய காப்புறுதி இந்தக் காருக்கு நிழல்கூடத் தராது. 2013-ஆம் ஆண்டு நிதிச் சேவைகள் சட்டப்படி, காப்புறுதி எடுப்பவர் கேட்கப்பட்டதற்கு அக்கறையோடு உண்மையைச் சொல்லக் கடமைப்பட்டவர். பொய் சொல்லி எடுத்த பாலிசியை நிறுவனம் ரத்து செய்யலாம். நீங்கள் யாரையாவது இடித்துவிட்டால், அடிபட்டவருக்கு மோட்டார் காப்புறுதியாளர் கழகம் வழியாக இழப்பீடு கிடைக்க வாய்ப்பிருக்கிறது. அந்தத் தொகை கடைசியில் உங்களைத் தேடி வரும். ஒருவர் கால் போன வழக்கில் அந்தத் தொகை காரின் விலையைப் போலப் பல மடங்காக இருக்கலாம்.

சரி, ஏமாந்தாகிவிட்டது. பணத்தை எங்கே கேட்பது? விற்றவர் யார் என்பதைப் பொறுத்து வழி பிரியும். பட்டறையோ, கார் கட்டி விற்பதைத் தொழிலாகச் செய்பவரோ என்றால் 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் துணைக்கு வரும். பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும், சொன்ன பயன்பாட்டுக்கு உதவ வேண்டும் என்பது அந்தச் சட்டம் தரும் உத்தரவாதம். ரசீதின் அடியில் பொடி எழுத்தில் எதை அச்சடித்தாலும் அது அழியாது. "சாலையில் ஓட்டலாம்" என்று சொல்லி விற்ற காரைப் பதிவே செய்ய முடியாது என்றால் அது தெளிவான மீறல். பயனீட்டாளர் உரிமைக்கோரல் நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம். கட்டணம் 5 ரிங்கிட். வழக்கறிஞர் வேண்டாம். தொகை அதைவிடக் கூடுதல் என்றால் மிச்சத்தை விட்டுக்கொடுத்து மன்றத்தின் வரம்புக்குள் வரலாம். தீர்ப்பை 14 நாளில் நிறைவேற்றாவிட்டால் அதுவே குற்றமாகிறது. இவ்வளவு மலிவான நீதி வேறெங்கும் கிடைக்காது. ஆனாலும் நம் ஆட்கள் போலீஸ் நிலையத்துக்கு ஓடுகிற அளவுக்கு இங்கே வருவதில்லை.

பக்கத்துத் தாமானில் உள்ள ஒருவர் தன் சொந்தக் காரை விற்றார் என்றால் நடுவர் மன்றம் கைகொடுக்காது. 5,000 ரிங்கிட்டுக்குள் என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு வழக்கு முறை. 100,000 வரை அதே நீதிமன்றத்தின் வழக்கமான பாதை. விற்கும் உரிமை தனக்கு உண்டு என்ற உத்தரவாதம் 1957-ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவில் தனியாளுக்கும் பொருந்தும். பொய் சொல்லி விற்றால் 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி ஒப்பந்தத்தை ரத்து செய்யச் சொல்லலாம். ஆனால் கஞ்சில் கிராண்ட் என்று தெரிந்தே, விலை மலிவு என்று வாங்கியிருந்தால் நிலைமை வேறு. சட்டவிரோதமான ஒப்பந்தத்துக்கு அதே சட்டத்தின் 24-ஆம் பிரிவு உயிர் கொடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் "சமாளிச்சுக்கலாம்லா" என்று நீங்கள் அனுப்பிய ஒரு வரி உங்களுக்கு எதிரான சாட்சியாக நிற்கும்.

இவ்வளவு அலைச்சலும் வேண்டாமென்றால், முன்பணம் கொடுக்குமுன் விற்பவரின் மைஜேபிஜே செயலியை அவர் கையாலேயே திறந்து காட்டச் சொல்லுங்கள். மாடலும் சிசியும் கண்முன் நிற்கும் காரோடும், உரிமையாளர் பெயர் விற்பவரோடும் ஒத்துவர வேண்டும். வங்கிக்குக் கடன் பாக்கி இருந்தால் அதையும் விசாரியுங்கள். பணத்தை ரொக்கமாகத் தராமல் வங்கி வழியாகப் போடுங்கள்.

ஏற்கெனவே வாங்கி வீட்டு முன்னால் நிறுத்தியிருப்பவர்கள் முதலில் சாலைக்கு எடுப்பதை நிறுத்துங்கள். இன்னொருவர் தலையில் சத்தமில்லாமல் கட்டிவிட நினைத்தால், இதுவரை ஏமாந்தவராக இருந்த நீங்கள் ஏமாற்றியவர் ஆவீர்கள். ஒட்டு எண் என்ற சந்தேகம் வந்தால், ஒரு வழக்கறிஞரிடம் பேசிவிட்டு, விற்றவர் மீது போலீஸ் புகார் கொடுங்கள். வழக்கறிஞருக்கு வசதியில்லாதவர்களுக்குச் சட்ட உதவி இலாகா இருக்கிறது. எண் எதுவும் ஒட்டாமல், எஞ்சினுக்கு ஒழுங்கான காகிதத்தோடு இருக்கும் கார் என்றால் லோரியில் ஏற்றி செப்பாங்குக்குக் கொண்டுபோகலாம். 5.543 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தத் தடம் 1999 முதல் ஓடுகிறது. இந்த மாதிரிக் கார்களுக்கு உகந்த இடமும் அதுதான். சாதாரணக் காப்புறுதி அங்கே செல்லாது என்பதால் அனுமதி விதிகளைக் கேட்டுக்கொண்டு போங்கள். பிறகு விற்பதாக இருந்தால் "சாலைப் பயன்பாட்டுக்கு ஆகாது" என்று ரசீதிலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். நடுவர் மன்றத்துக்குப் போவதாக இருந்தால் பிரச்சினை எழுந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் மனு போட வேண்டும். உங்கள் ரசீதில் என்ன தேதி என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.