உஷார்! அது சூடும் இல்லை, அழுக்கும் இல்லை

திண்டிவனமோ விழுப்புரமோ, மருந்துக்கடையில் கூட்டம் குறையட்டும் என்று ஒதுங்கி நிற்கும் பெண்ணைப் பார்த்திருப்பீர்கள். "அண்ணா, வெள்ளைப்படுறதுக்கு ஏதாவது குடுங்க" என்பார், பாதிக் குரலில். காளான் தொற்றுக்கான மாத்திரை ஒன்று பேப்பரில் சுற்றிக் கைக்கு வரும்.

இங்கேதான் ஆபத்து. மீன் கவிச்சி போல வாடை, தண்ணியாகச் சாம்பல் கலந்த வெள்ளை, அரிப்பு அவ்வளவாக இல்லை என்றால் அது பெரும்பாலும் பாக்டீரியல் வஜினோசிஸ். காளான் மாத்திரைக்கு அது அசையாது.

அபூர்வ நோயும் இல்லை. உலக அளவில் பிள்ளைபெறும் வயதுப் பெண்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு இருக்கிறது. 2005-06ல் மைசூரில் 15 முதல் 30 வயது வரையிலான 863 பெண்களின் மாதிரிகளைப் பரிசோதித்தபோது 19.1 சதவீதம் பேருக்கு இருந்தது. பலருக்கு அறிகுறியே தெரியாது.

வாடை வந்ததும் சோப்பு, டெட்டால் என்று உள்ளே விட்டுக் கழுவுகிறார்களே, அதுதான் பெரிய தப்பு. பிறப்புறுப்பில் இயல்பாகவே லாக்டோபேசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியா இருக்கிறது. அது சுரக்கும் லாக்டிக் அமிலம்தான் காவல். உள்ளே கழுவக் கழுவ அந்தப் புளிப்பு குறைந்து, கார்ட்னெரெல்லா போன்ற கிருமிகள் பெருகும். வாடை கூடும், மறுபடி சோப்பு! வெளிப்புறத்தை வெறும் தண்ணீரில் கழுவினாலே போதும். சூட்டு உடம்பு என்று இளநீர் குடிப்பதில் தப்பில்லை, ஆனால் நோய் போகாது.

ஆணுறை இல்லாத உறவு, புதிய துணை, இவையும் ஆபத்தைக் கூட்டும். காப்பர்-டி போட்டவர்களிடமும் சற்று அதிகம் காணப்படுகிறது; அதற்காக அதை எடுக்க ஓட வேண்டாம். இது வந்ததாலேயே மனைவியைச் சந்தேகப்படுவதும் அநியாயம்.

மெட்ரோனிடசோல் மாத்திரையை டாக்டர் 7 நாளைக்கு எழுதினால் 7 நாளும் சாப்பிடுங்கள். குணமான பிறகும் திரும்ப வரும் நோய் இது. 2025ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், பெண்ணுக்கு மட்டும் சிகிச்சை தந்தபோது 12 வாரத்துக்குள் 63 சதவீதம் பேருக்குத் திரும்பியது. ஆணுக்கும் மாத்திரையும் களிம்பும் தந்தபோது 35 சதவீதம்தான். கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, திண்டிவனம் அரசு மருத்துவமனை இரண்டும் பக்கத்திலேயே இருக்கின்றன. கவனிக்காமல் விட்டால் எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பும், கர்ப்பிணிக்குக் குறைமாதப் பிரசவ ஆபத்தும் கூடும். கர்ப்பமாக இருப்பவர்கள் அடுத்த செக்கப் வரட்டும் என்று தள்ளாமல் உடனே காட்டுங்கள்.