ஓடும் வீட்டுக்குக் கணப்பு தேவைதானா?

“அம்மா, இங்கே வந்து பாரேன். எவ்வளவு அழகா எரியுது!” என்று மகள் கூப்பிட்டாள்.

போய்ப் பார்த்தேன். டெலிவிஷனுக்குக் கீழே, கண்ணாடிக்குப் பின்னால் விறகுக் கட்டைகள் கனன்றுகொண்டிருந்தன. செம்மஞ்சள் ஜுவாலை நெளிந்து நெளிந்து ஆடியது. கையை நீட்டினேன். கதகதவென்று காற்று வந்தது. ஆனால் புகை இல்லை, சாம்பல் இல்லை, விறகு வாசனையும் இல்லை. விறகு வெறும் பொம்மை. ஜுவாலை எல்.இ.டி. விளக்கின் ஜாலம். சூடு வருவது உள்ளே ஒளிந்திருக்கும் ஹீட்டர் கம்பியிலிருந்து. இதற்குப் பெயர் மின்சாரக் கணப்பு.

நாங்கள் நின்றது வீட்டில் அல்ல, விற்பனைக்கு நிறுத்தியிருந்த ஒரு வண்டிக்குள்! அமெரிக்காவில் இதை ஆர்.வி. என்கிறார்கள். படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் வைத்த ஓடும் வீடு. தானே ஓடுகிற வகையும் உண்டு. லாரி மாதிரி வண்டியின் பின்னால் கட்டி இழுக்கிற டிரெய்லர் வகையும் உண்டு. என் மகளும் மாப்பிள்ளையும் வாங்க நினைத்தது டிரெய்லர்.

ஒரே மாதிரி இரண்டு வண்டி இருந்தது. ஒன்றில் கணப்பு. இன்னொன்றில் அதே இடத்தில் அலமாரி. கணப்பு உள்ளதற்கு எழுநூறு டாலர் அதிகம். “இது இருந்தா வேற ஹீட்டரே வேண்டாம்” என்று விற்பனைக்காரர் சொன்னார். மகளுக்கு எட்டு மாதக் கைக்குழந்தை. அதற்குக் குளிரக்கூடாதே என்பதுதான் அவள் கவலை.

அவர்கள் இருப்பது அரிசோனா மாநிலத்தில் ஃபீனிக்ஸ் பக்கம். அனல் கொளுத்தும் ஊர். அங்கே கணப்பு எதற்கு என்று கேட்பீர்கள். வடக்கே நாலு மணி நேரம் போனால் கிராண்ட் கேன்யன். அதன் தென்கரை 7,000 அடி உயரம். ஏறக்குறைய நம் ஊட்டி மாதிரி. அக்டோபர் மாத ராத்திரியில் தண்ணீர் உறைகிற அளவுக்குக் குளிர் இறங்கிவிடும்.

“வாங்கறதுக்கு முன்னாடி நாலு நாள் வாடகைக்கு எடுத்துப் பார்த்துடலாம் அத்தை” என்றார் மாப்பிள்ளை. நல்ல யோசனை. கணப்பு உள்ள டிரெய்லரையே எடுத்துக்கொண்டு நான், என் வீட்டுக்காரர், மகள், மாப்பிள்ளை, குழந்தை எல்லோரும் கிளம்பினோம். அந்த நாலு நாளில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் அம்மாக்களுக்கு உபயோகப்படும்.

முதல் ராத்திரி

கிராண்ட் கேன்யனில் மேதர் என்று ஒரு முகாம். அடர்ந்த மரங்களுக்கு நடுவே அழகான இடம். ஆனால் வண்டிக்கு மின்சார இணைப்புக் கிடையாது. வண்டியில் இருக்கும் பேட்டரிதான் எல்லாவற்றுக்கும்.

சாயங்காலம் குழந்தைக்குக் காட்டுவதற்காகக் கணப்பைப் போட்டோம். பேட்டரி மின்சாரத்தை மாற்றித் தரும் இன்வெர்ட்டர் அந்த வண்டியில் இருந்தது. குழந்தை கண் கொட்டாமல் பார்த்தது. சூட்டையும் போட்டார் மாப்பிள்ளை. இருபது நிமிஷம்கூட ஆகியிருக்காது, இன்வெர்ட்டர் கீச் கீச்சென்று கத்தி நின்றுபோயிற்று. “சரி, கேஸ் ஃபர்னஸ் இருக்கே” என்று அதைப் போட்டுவிட்டுப் படுத்தோம்.

ராத்திரி இரண்டு மணிக்கு மூக்கு நுனி ஜில்லென்று விழித்தேன். ஃபர்னஸ் நின்றிருந்தது. சிலிண்டரில் கேஸ் நிறைய இருக்கிறது. ஆனால் ஃபர்னஸின் காற்றாடி சுற்றுவதற்குப் பேட்டரி வேண்டுமே! கணப்புக்குக் கொடுத்ததில் அது தீர்ந்துபோயிருந்தது.

குழந்தையின் கை ஐஸாக இருந்தது. எனக்கு ஒன்றும் ஓடவில்லை. எங்கள் ஊரில் பிள்ளை பெற்றவளுக்குக் கணப்புச் சட்டி வைத்து வளர்ந்தவள் நான். கேஸ் அடுப்பின் நாலு பர்னரையும் ஏற்றிவிட்டால் பத்து நிமிஷத்தில் சூடாகிவிடும் என்று தீப்பெட்டியை எடுத்துவிட்டேன்.

மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அம்மா, கூடவே கூடாது! எல்லாரும் தூக்கத்திலேயே போயிடுவோம்!”

அவள் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. மூடிய சின்ன இடத்தில் அடுப்பை எரியவிட்டால் பிராண வாயு குறைந்து, கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு உண்டாகும். அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. தலைவலி, தலைசுற்றல், பிறகு மயக்கம். தூங்குகிறவர்களுக்கு அதுவும் தெரியாது. நம் ஊர்க் கரி அடுப்பும் கணப்புச் சட்டியும் இதே விஷத்தைத்தான் கக்குகின்றன. அந்த நாள் வீடுகளில் ஓட்டுச் சந்தும் ஜன்னல் இடுக்கும் இருந்ததால் தப்பித்தோம். இன்னொன்று கேளுங்கள். விஷவாயு வந்தால் அலறுகிற கருவி வண்டியில் இருந்தது. ஆனால் அதுவும் அதே பேட்டரியில் ஓடுவதுதான்! அன்று ராத்திரி அது வாயே திறந்திருக்காது.

இருந்த ரஜாய், சால்வை எல்லாவற்றையும் போர்த்திக்கொண்டு, குழந்தையை நடுவில் போட்டு, விடியும்வரை உட்கார்ந்திருந்தோம். காலையில் இழுவை வண்டியின் எஞ்சினை ஓட்டிப் பேட்டரிக்கு உயிர் கொடுத்தார் மாப்பிள்ளை.

கணக்கு என்ன சொல்கிறது?

அன்று காபி குடித்துக்கொண்டே மாப்பிள்ளை நோட்டில் கணக்குப் போட்டுக் காட்டினார். எனக்கே புரிந்தது, உங்களுக்கும் புரியும்.

இந்தக் கணப்புகள் பெரும்பாலும் 1,500 வாட். நம் குளியலறை கெய்சரைவிடக் குறைவு. அங்கே வீட்டு மின்சாரம் 120 வோல்ட் என்பதால் இதற்கு 12.5 ஆம்பியர் இழுக்கும். சாதாரண 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பது மொத்தமே 1.2 யூனிட். கணப்பு ஒரு மணிக்குத் தின்பது 1.5 யூனிட். அதிலும் ஈய-அமில பேட்டரியைப் பாதிக்குமேல் காலி செய்தால் கெட்டுவிடும். அப்போது இருபது நிமிஷம் எரிந்ததே அதிகம்தானே?

இன்னொரு விஷயம். எழுநூறு டாலர் கூடுதலாகக் கொடுத்து வாங்கினாலும் 1,500 வாட் என்றால் 1,500 வாட் சூடுதான். கடையில் விற்கும் சின்ன மின்சார ஹீட்டரும் அதே சூட்டைத் தரும். கூடுதல் பணம் ஜுவாலையின் அழகுக்குத்தான். வண்டியிலிருக்கும் கேஸ் ஃபர்னஸோ சாதாரணமாக இதைப்போல ஐந்து ஆறு மடங்கு சூடு தரக்கூடியது. அது எரிவது மூடிய அறைக்குள். புகை வெளியே போய்விடும். அதனால் அடுப்பை எரிப்பதும் ஃபர்னஸைப் போடுவதும் ஒன்றல்ல.

அடுத்த ராத்திரிகள்

மறுநாள் அங்கேயே டிரெய்லர் வில்லேஜ் என்ற முகாமுக்கு மாறினோம். அங்கே மின்சாரம், தண்ணீர், கழிவுநீர் இணைப்பு எல்லாம் உண்டு. கணப்பைப் போட்டோம். இப்போது அது ராஜா மாதிரி இருந்தது! ஃபர்னஸின் ‘கர்ர்’ சத்தம் இல்லை. குழந்தை திடுக்கிட்டு எழவில்லை. ஆஸ்துமாக்காரரான என் வீட்டுக்காரர், “இது பரவாயில்லையே, நெஞ்சுக்கு இதமா இருக்கு” என்று எதிரிலேயே நாற்காலி போட்டுக்கொண்டார். உண்மையைச் சொன்னால் எனக்கும் பிடித்துப்போயிற்று. நெருப்பைப் பார்த்தாலே பாதிக் குளிர் விட்ட மாதிரி இருக்கிறது.

அங்கேயும் இரண்டு பாடம் கிடைத்தது. எங்கள் வண்டியின் இணைப்பு 30 ஆம்பியர். அதாவது 3,600 வாட். கணப்பு 1,500, வெந்நீர்த் தொட்டி 1,400 வாங்கிக்கொண்டிருக்கும்போது மகள் பால் சுடவைக்க மைக்ரோவேவைப் போட்டாள். பட்டென்று எல்லாம் இருட்டு! எங்கள் தவறுதான். ஒன்றை நிறுத்தித்தான் இன்னொன்றைப் போட வேண்டும். பெரிய வண்டிகளில் 50 ஆம்பியர் இணைப்பு இருக்கும். அதில் 12,000 வாட் வரை கிடைப்பதால் இந்தத் தொல்லை இல்லை.

இரண்டாவது, கணப்பு இருக்கும் கூடம் கதகதப்பு, பின்னால் படுக்கையறை ஜில். ஃபர்னஸை இயக்கும் தெர்மோஸ்டாட் கூடத்தில் இருந்ததால், ‘சூடாகத்தான் இருக்கிறது’ என்று நினைத்து ஃபர்னஸ் கிளம்பவே இல்லை. பல வண்டிகளில் ஃபர்னஸ் காற்றுதான் அடியில் போகும் தண்ணீர்க் குழாய்களையும் காக்கிறது. கடுங்குளிரில் கணப்பை மட்டும் நம்பினால் குழாய் உறைந்து வெடித்துவிடும்.

யாருக்கு லாபம்?

பக்கத்து இடத்தில் ஓய்வு பெற்ற அமெரிக்கத் தம்பதி இருந்தார்கள். குளிர்காலம் முழுக்க மின்சாரம் உள்ள முகாம்களிலேயே தங்குகிறவர்கள். “எங்களுக்கு இது இல்லாமல் முடியாது” என்றார் அந்த அம்மாள். அவர்களைப் பொறுத்தவரை அதுவும் சரி. ஒரு நாள் இரண்டு நாள் தங்கினால் பெரும்பாலும் வாடகையிலேயே மின்சாரம் சேர்ந்துவிடும். நாம் கேஸ் செலவை மிச்சம் பிடிக்கலாம். மாதக்கணக்கில் தங்கினால் பல இடங்களில் மீட்டர் போட்டுத் தனியாக வாங்குவார்கள். அப்போது இந்தக் கணக்கு உதவும்: ஒரு காலன் கேஸ் ஃபர்னஸில் எரிந்தால் கிடைக்கும் சூடு சுமார் 20 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். ஆகவே காலன் விலை, யூனிட் விலையைப்போல் 20 மடங்குக்குக் கீழே இருந்தால் கேஸ் லாபம். மேலே போனால் மின்சாரம் லாபம்.

வாங்குவதற்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டியவை:

1. வருஷத்தில் எத்தனை ராத்திரி மின்சார இணைப்போடு தங்கப் போகிறோம்? பாதிக்குக் கீழே என்றால் கணப்பு வெறும் படம்தான்.

2. இணைப்பு 30 ஆம்பியரா, 50 ஆம்பியரா?

3. அந்த இடத்தில் அலமாரி இருந்தால் அதிக உபயோகமா?

4. ஃபர்னஸ் நல்ல நிலையில் இருக்கிறதா? கணப்பு அதற்குத் துணைதான், மாற்று அல்ல.

வாங்கிவிட்டால் கவனிக்க வேண்டியவை:

எக்ஸ்டென்ஷன் ஒயரில் சொருகக்கூடாது. அரை மணி எரிந்தபின் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் உடனே நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். திரை, மெத்தை, போர்வை மூன்றடி தள்ளியே இருக்கட்டும். குழந்தையின் ஈரத்துணியை அதன்மேல் காயப்போடவே போடாதீர்கள். காற்று வரும் வாய் சுடும். தவழும் குழந்தை இருந்தால் தடுப்பு வையுங்கள். விஷவாயு எச்சரிக்கைக் கருவி ஒன்று தனி பேட்டரியில் ஓடுவதாக வாங்கி மாட்டிவிடுங்கள். அடுப்பு சமைக்க மட்டுமே, குளிர் காய அல்ல.

ஊர் திரும்பியதும் மாப்பிள்ளை வரும் வருஷப் பயணங்களை எழுதிப் பார்த்தார். முப்பது ராத்திரியில் பத்தொன்பது, மின்சாரம் இல்லாத காட்டு முகாம்கள். மகள் எழுதியதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“அலமாரி வண்டியே எடுத்துக்கலாங்க. குழந்தை துணி வைக்க இடம் வேணும்” என்றாள்.

மிச்சமான எழுநூறு டாலரில் கூடுதலாக ஒரு பேட்டரி, இணைப்பு உள்ள இடத்துக்கு ஒரு சின்ன ஹீட்டர், தனி பேட்டரியில் ஓடும் எச்சரிக்கைக் கருவி மூன்றும் வாங்கினார்கள். என் வீட்டுக்காரருக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம். ஜுவாலையைப் பார்க்க முடியவில்லையாம்!

எனக்கு வருத்தமில்லை. நான் எடுத்த தீப்பெட்டியை இப்போது நினைத்தாலும் உடம்பு நடுங்குகிறது. உங்கள் மகளோ மருமகளோ இப்படி ஒரு வண்டி வாங்கப் போவதாகச் சொன்னால், கணப்பைப் பற்றி அப்புறம் பேசுங்கள். “விஷவாயுக் கருவி இருக்கா?” என்று முதலில் கேளுங்கள்.