தொடையில் ‘சுளீர்’ வலி: எண்ணெய் போட்டு நீவலாமா?

2017-ம் ஆண்டு ஆகஸ்டில் லண்டன் உலக தடகள போட்டி. ஜமைக்காவின் மின்னல் வீரர் உசேன் போல்ட், தனது கடைசி பந்தயமான தொடர் ஓட்டத்தில் நொண்டியபடி டிராக்கில் சுருண்டு விழுந்தார். இடது தொடையின் பின்பக்க தசையில் ஏற்பட்ட காயம்தான் காரணம்.

தொடைக்கு பின்னால் உள்ள 3 தசைகள் இடுப்பின் அடி எலும்பில் இருந்து முட்டிக்கு கீழே வரை செல்கின்றன. வேகமாக ஓடும்போது, காலை முன்னால் வீசும் நேரத்தில் இவை நன்றாக இழுபடும். தாங்க முடியாவிட்டால் தசை இழை கிழிந்து விடும்.

விறைப்பு ஏன்?

கிழிந்த இடத்தில் தழும்பு போல திசு வளரும். அது பழைய தசை மாதிரி நீண்டு கொடுக்காது. வலிக்கு பயந்து சுற்றியுள்ள தசையும் இறுகிக்கொள்ளும். அதனால்தான் காலையில் எழுந்ததும் கால் கட்டை மாதிரி இருக்கிறது.

அடிபட்ட உடனே எண்ணெய் போட்டு அழுத்தி நீவக்கூடாது. உள்ளே ரத்தக்கசிவு அதிகமாகி விடும். துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடம், இறுக்கமான பேண்டேஜ், ஓய்வு போதும். சில நாள் கழித்து மெதுவாக நடக்கலாம். பிறகு தசைக்கு பலம் தரும் பயிற்சி.

‘வலி போயிடுச்சு’ என்று அவசரப்பட்டு மைதானத்தில் இறங்கினால் அதே இடம் மறுபடி கிழியலாம். இரண்டு காலும் சம பலத்துக்கு வந்த பிறகே முழு வேக ஓட்டம். ‘டப்’ என்று சத்தம் கேட்டாலோ, தொடை கறுத்து நடக்க முடியாமல் போனாலோ உடனே டாக்டரிடம் காட்டிவிட வேண்டும்.